ஏழு வருடமாக எட்டு வயது

அந்தப் பிள்ளைக்கு ஏழு வருடமாக எட்டு வயது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பகலும் இரண்டு காபியும் ஒரு பொன்னாடையும் வேண்டியிருந்தன.

2012 என்று நினைவு. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் மாவட்டத்தில் ஒரு மையம் வைத்துச் சிறப்புக் கல்வியில் முதுநிலைப் படிப்பு நடத்திக்கொண்டிருந்தது. காது கேளாத, கண் தெரியாத, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் மேற்கொண்டு படிக்கிற படிப்பு. சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையைத் தேடி வந்த பல நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. அதைத் தொடர்ந்து நடத்தலாமா என்று பார்த்து எழுத மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு போட்டார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தலைவர். இன்னொருவர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மிச்சம் நான். குளச்சல் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கடிதத்தில் என்னைக் 'கள வல்லுநர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது என் கணவர், "களத்துல நெல்லு காயப்போடதுக்கா கூப்பிடுகாவ?" என்று கேட்டார். அவருக்கு எதிலும் விளையாட்டுதான். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். புதுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

வாசலிலேயே பொன்னாடை. மதிப்பிட வந்தவருக்கு மதிப்பிடும் முன்பே பொன்னாடை போர்த்துகிற வழக்கத்தை எவர் கண்டுபிடித்தாரோ, அவர் கையில் கிடைத்தால் நான் நாலு கேள்வி கேட்பேன். போர்த்திக்கொண்ட பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. தலைவர் அதைப் பழக்கப்பட்ட கையால் வாங்கி மடித்துப் பையில் வைத்துவிட்டு, படிவத்தை எடுத்தார். பல பக்கம். எல்லாக் கேள்விக்கும் எதிரே இரண்டே கட்டம்தான்: உண்டு, இல்லை.

காது கேட்கும் அளவைச் சோதிக்கும் கருவி இருக்கிறதா? இருந்தது. அட்டைப்பெட்டிக்குள், ஒட்டிய நாடா கிழியாமல் இருந்தது. தலைவர் 'உண்டு' கட்டத்தில் டிக் போட்டார்.

"இதை ஒருநாளாவது ஒரு பிள்ளைக்க காதுல மாட்டியிருக்கீங்களா?" என்று நான் துறைத்தலைவரிடம் கேட்டேன்.

"அடிக்கடி எடுத்தா செட்டிங் போயிரும்லா மேடம், அதான் பத்திரமா வச்சிருக்கோம்" என்றார் அவர். முகத்தில் குற்ற உணர்வு ஒரு துளிகூட இல்லை. நல்ல மனிதர்தான், காலையிலிருந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டே களைத்துப் போயிருந்தார். வெளிச்சத்தம் புகாத சோதனை அறை உண்டா? உண்டு. உள்ளே கால் ஒடிந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். அதற்கும் ஒரு டிக். நான் வாய் திறந்ததும் தலைவர் என் பக்கம் சாய்ந்து, "அறை இருக்கான்னுதான் கேள்வி, மேடம். அறைக்குள்ள என்ன இருக்குன்னு கேள்வி இல்லை" என்றார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காரியமாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று மாணவர்களுடைய தனியாள் ஆய்வுகளைக் கேட்டேன். அந்தப் படிப்பின் உயிரே அதுதான். ஒவ்வொரு மாணவரும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் கூடவே இருந்து, வீட்டுக்கும் போய்ப் பெற்றோரிடம் பேசி, அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். முதல் அணியிலிருந்து ஏழு வருடத்துக் கோப்புகளையும் கொண்டுவரச் சொன்னேன். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறதே என்று தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் கோப்பின் முதல் பக்கம் நன்றாகவே இருந்தது. எட்டு வயதுப் பெண்பிள்ளை, பிறவியிலேயே காது கேளாதவள். தகப்பன் கட்டுமரத் தொழிலாளி. நல்ல தமிழ். இரண்டாவதிலும் எட்டு வயதுப் பெண்பிள்ளை, கட்டுமரத் தொழிலாளி மகள். நம் கடற்கரையில் அப்படி எத்தனையோ பேர் உண்டு என்று நினைத்தேன். மூன்றாவதில் பிள்ளையின் ஊர் சிதறால் என்று போட்டிருந்தது. தகப்பன் அதே கட்டுமரத் தொழிலாளி. சிதறாலில் ஏது கடல்? அங்கே இருப்பது மலை. அந்த மலையில் கட்டுமரத்தை எங்கே தள்ளுவார் அந்த மனிதர்?

அப்புறம் பக்கத்தைப் புரட்டினேன். 'மதியம் மூன்று மணிக்கு மேல் கவனமின்மை. ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். உள்ளங்கையால் உச்சந்தலையைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறாள்.' அதற்குக் கீழே, 'தாயின் ஒத்துழைப்பு: இல்லை.'

முதல் கோப்பைத் திரும்ப எடுத்தேன். அதே வரிகள். இரண்டாவதிலும் அதே. நான்கு, ஐந்து, ஆறு என்று எடுத்துப் புரட்டினேன். பெயர் மாறியிருந்தது, ஊர் மாறியிருந்தது, எழுதியவர் கையெழுத்து மாறியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அட்டை நிறம் மாறியிருந்தது. பிள்ளைக்கு வயது எட்டு. அவள் மூன்று மணிக்குத் தலையைத் தட்டினாள். அவள் தாய் ஒத்துழைக்கவில்லை. ஒரு கெட்டிக்காரர் அந்தத் தலை தட்டுதலை நிறுத்துவதற்குப் பன்னிரண்டு வாரத் திட்டமே போட்டு, பன்னிரண்டாம் வாரத்தில் அது நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

அசல் ஈயடிச்சான் காப்பி. சத்தம் போட்டிருப்பேன். ஆனால் கோப்பை மூடி வைத்தேன். ஏனென்றால் அந்த வரிகள் நான் எழுதியவை.

*

சுனாமிக்கு மறுவருடம் அந்தப் பிள்ளை எங்கள் பள்ளிக்கு வந்தாள். கடற்கரை ஊரான கடியப்பட்டணத்துப் பிள்ளை. தாய் மீன் விற்பவர். விடிவதற்கு முன்பே மீன்பிடித் துறையில் ஏலம் எடுத்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரணியல் பக்கம் ஊர் ஊராக விற்றுவிட்டுத் திரும்புவார். பெற்றோர் கூட்டம் மாதாமாதம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தை வைத்தது நான். எங்கள் ஊர் வயல்காட்டு ஊர். சனிக்கிழமை பத்து மணி என்றால் எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சும்மா இருப்பார்கள் என்பது என் நினைப்பு. அந்தத் தாய் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. நான் கோபத்தில் எழுதினேன்: தாயின் ஒத்துழைப்பு இல்லை.

தலை தட்டுவதையும் நான்தான் எழுதினேன். அன்றைக்கு எங்களுக்குக் கற்றுத் தந்தது, சைகையே கூடாது, உதட்டைப் பார்த்துப் பேசத்தான் பழக்க வேண்டும் என்று. பிள்ளைகள் கையை அசைத்தால் கையைப் பிடித்துக் கீழே வைப்போம். அதனால் கை என்ன சொல்கிறது என்று பார்க்கிற பழக்கமே எனக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காவலாளி லீவு. கேட்டைத் திறந்துவிட நானே போனேன். எதிரே பூவரசு மரத்தடியில் ஒரு பெண், காலடியில் காலியான சருவம். பிள்ளைகள் வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை ஓடிப்போய், உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்துத் தட்டினாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்தார். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பூவரசு நேராகத் தெரியும். மூன்று மணிக்கெல்லாம் தாய் வந்து நின்றுவிடுவார். அம்மா வந்துவிட்டாள் என்று பிள்ளை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும். இரண்டு வருடம்.

"ஏன் உள்ள வரல்ல?" என்று கேட்டேன்.

"மீன் பாத்திரத்தோட உள்ள வரப்பிடாதுன்னு எழுதிப் போட்டிருக்குன்னு கேட்டுல நிக்கிற அண்ணன் சொன்னாரு டீச்சர். எடுத்து எங்க வைக்க? அதான் வெளிய நின்னேன்."

அந்தப் பலகையும் என் கையெழுத்துதான்.

அன்றைக்கே பலகையைக் கழற்றினேன். கூட்டத்தை மாலை மூன்றரைக்கு மாற்றினேன். அந்தத் தாய் அதன் பிறகு ஒரு கூட்டம்கூடத் தவறவில்லை. ஆனால் பதிவேட்டில் எழுதியதை மட்டும் திருத்தவில்லை. பழைய பதிவை அடித்துத் திருத்தினால் இன்ஸ்பெக்‌ஷனில் கேள்வி வரும் என்று ஒரு பயம். கேள்வி வந்தால் என் தப்பு வெளியே வரும் என்பதுதான் நிஜமான பயம். அப்படியே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வெளி மாவட்டத்தில் விடுதியோடு இருந்த பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இவள் கெட்டிக்காரி, வாசிப்பாள், கணக்குப் போடுவாள். தாயும் மகளும் போய் வந்தார்கள். இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். வெகுநாள் கழித்து அங்கே வேலை பார்த்த ஒருவர் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார்: பெற்றோர் ஒத்துழைப்பு இல்லாத பிள்ளையை விடுதியில் எடுப்பதில்லை, பதிவேட்டில் அப்படித்தானே இருந்தது. அந்தத் தாயிடம் நான் அதைச் சொல்லவில்லை. மென்று விழுங்கினேன்.

*

சாப்பாடு முடிந்து வந்த துறைத்தலைவரிடம் கோப்புகளைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"உங்க பதிவேடுதான் மேடம்! முதல் வருசம் எங்க பிள்ளைங்க உங்க பள்ளிக்கு வந்தப்ப நீங்கதான ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தீங்க? அதைத்தான் மாடலா வச்சிருக்கோம். இவ்வளவு நல்லா யாரு எழுதுவா?"

கொடுத்தது நிஜம். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

ஒரு மாணவியை வரவழைத்துக் கேட்டேன். இரண்டாம் ஆண்டு. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை.

"நீ எழுதின பிள்ளைக்க அம்மாவப் பாத்து என்ன பேசின?"

"அம்மா ஒத்துழைக்க மாட்டாங்க மேடம்."

"பாத்தியா?"

"இல்லை மேடம். ஒத்துழைக்க மாட்டாங்கல்லா, அதான் போகல்ல." பிறகு, பெற்றோருக்கு ஆலோசனை தருவதன் அவசியம் பற்றிக் கடகடவென்று ஒரு பக்கம் ஒப்பித்தாள். ஒரு சொல் தவறவில்லை. நாளைக்கு இவள் பள்ளியில் ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு எந்தத் தாயாவது வராமல் போனால், இவள் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும்.

'பரிந்துரைக்கக் கூடாது' என்றேன் தலைவரிடம். அவர் பொறுமையாகப் பேசினார். படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் கதி என்ன? எல்லா இடத்திலும் இப்படித்தான். தவிர, படிவத்தில் ஆய்வுகள் உண்டா என்று கேட்டிருக்கிறது; உண்டு. காப்பியா என்று கேட்கவில்லை. "வேணும்னா நீங்க தனியா ஒரு குறிப்பு எழுதி இணையுங்க. ஒரு வாரம் டைம் இருக்கு" என்றார். பூசி மெழுகுவதில் அவருக்கு வருடக்கணக்கான அனுபவம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஆய்வுகள் அனைத்தும் ஒரே பதிவேட்டின் நகல் என்று எழுதினேன். எந்தப் பதிவேடு, அது நகல் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? அந்த இடத்தில் பேனா நின்றது. இரண்டு நாள் அங்கேயே நின்றது. என் கணவர் பார்த்துவிட்டு, "சவத்த விட்டுத் தள்ளு. ஒனக்கு எதுக்கு இந்த வெப்ராளம், மனசப் போட்டு அலட்டிக்கிட்டு?" என்றார். அவர் அப்படிச் சொன்னது நல்லதாயிற்று. அவர்மேல் வந்த கோபத்தில் எழுந்து கடியப்பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாலை நேரம். தாய் வீட்டு முன்னால் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பதினைந்து வயது. இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். விரல் நுனிகளெல்லாம் வெளிறி ஊறிப்போயிருந்தன. என்னைப் பார்த்ததும் கன்னத்தில் விரல் வைத்தாள். எனக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு. சைகையில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் அது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்ன எழுதினேன், அது எங்கே போனது, விடுதிப் பள்ளி ஏன் எடுக்கவில்லை என்று. அந்தத் தாய் கழுவுவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"மூணு வருசம் டீச்சர். ஒனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல, அதான் எடுக்கல்லன்னு இவள நான் ஏசிக்கிட்டு கெடந்தேன். கேக்காத பிள்ளைன்னாலும் நான் ஏசுகது மூஞ்சியப் பாத்தா தெரியும்லா?"

சருவத்தைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப வேற பேப்பரு எழுதப் போறேன்னு சொல்லுதிய. அதுல நான் வந்தேன்னு எழுதுவியளா?"

எழுதுகிறேன் என்றேன்.

"மழையத்தும் வந்தேன். அதையும் எழுதுங்க" என்றார் அவர். இருக்கச் சொல்லவில்லை. காபி தரவில்லை. தராதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்றைக்கே எழுதி முடித்தேன். 'இந்தக் குறிப்பை எழுதியவள் நான். அது தவறு. தாய் தினமும் மூன்று மணிக்கு, மழையிலும், பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள பூவரசு மரத்தடிக்கு வந்தார். தலையில் கை வைத்தது, அம்மா வந்துவிட்டாள் என்று சொன்ன சைகை. ஒத்துழைக்காதவள் நான்.' எங்கள் பள்ளிப் பதிவேட்டிலும் சிவப்பு மையில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் வரட்டும் கேள்வி.

படிப்புக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டது. என் குறிப்பு கடைசி இணைப்பு. அதைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை.

*

மறுவருடம் அதே படிப்பின் ஆய்வுகள் திருத்துவதற்கு எனக்கே வந்தன. என் குறிப்பை யாரோ வாசித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தேன். வாசித்துத்தான் இருந்தார்கள்.

முதல் கோப்பு. பெண்பிள்ளை. வயது எட்டு. 'தாய் தினமும் மூன்று மணிக்கு, மழையிலும், பள்ளி வாசலுக்கு எதிரே உள்ள பூவரசு மரத்தடிக்கு வருகிறார். தாயின் ஒத்துழைப்பு: மிக நன்று.' இரண்டாவதிலும் அதே பூவரசு, அதே மழை. மூன்றாவது கோப்பை எழுதிய புண்ணியவான் ஒரு வரியும் விடாமல் எடுத்திருந்தார். 'இந்தக் குறிப்பை எழுதியவள் நான். அது தவறு. ஒத்துழைக்காதவள் நான்.' கீழே அவருடைய கையெழுத்து. ஆண்.

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. அதற்கும் பிறகு, வீட்டில் யாரும் பக்கத்தில் வர முடியாத அளவுக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். மறுமதிப்பீட்டில் வேறு யாரோ எல்லோரையும் பாஸ் போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் கட்டைத் திருப்பி அனுப்பும் முன் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். விதிப்படி எடுக்கக் கூடாது. அவர்கள் விதி பேச என்னிடம் வரட்டும்.

கடியப்பட்டணத்தில் அந்தத் தாள் மகள் கைக்குப் போனது. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. மகள் விரல் வைத்து வாசித்தாள். 'தாய்' என்ற இடத்தில் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தாள். மழை, மரம், தினமும் என்று ஒவ்வொன்றையும் கையால் தாய்க்குச் சொன்னாள். தாய் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மகள் மேலே போய், வயது என்று இருந்த இடத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். என் பையிலிருந்த சிவப்புப் பேனாவை அவளே எடுத்தாள். எட்டை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினாள்.

எனக்குத் தாங்கவில்லை. தாயைப் பார்த்து, "எட்டாம் வகுப்புப் பரீட்சைய பள்ளிக்கூடம் போகாம வெளிய இருந்தே எழுதலாம். நானே வந்து சொல்லிக் குடுக்கேன். நீங்களும் கூட இருக்கணும், அப்பத்தான் நான் போன பொறவு நீங்க பாத்துக்கிட முடியும்" என்றேன்.

"எப்ப வருவிய?"

"சனிக்கிழம காலைல ஒரு பத்து மணிக்கு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அலுப்புதான்.

"பத்து மணிக்கு நான் மீனோட இரணியல்ல நிப்பேன் டீச்சர்" என்றார். "மூணு மணிக்கு வாங்க. எங்க வீட்டுல கேட்டும் கெடயாது, பலகையும் கெடயாது."